ஒரு ஸ்பீட்வே சீசன் எப்படி ஓடுகிறது?

ஸ்பீட்வே பந்தயத்தை முதல் தடவை பார்ப்பவர்கள் முன்னால் போகும் பைக்கையே பார்ப்பார்கள். இயல்புதான். நான்கு பேர், நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். யார் முதலில் கோட்டைத் தாண்டினார் என்று பார்த்துவிட்டு அடுத்த பந்தயத்துக்குக் காத்திருப்பார்கள். உலக சாம்பியன் பட்டத்துக்கான தனிநபர் போட்டியை அப்படிப் பார்க்கலாம். அணிகள் மோதும் லீக்கை அப்படிப் பார்த்தால் பாதி ஆட்டம் கண்ணுக்குத் தப்பிவிடும். அங்கே மூன்றாவது இடத்துக்கு நடக்கும் சண்டைதான் பல சமயம் போட்டியை முடிவு செய்கிறது. எப்படி என்பதைப் போலந்தின் எக்ஸ்ட்ராலிகாவை வைத்துச் சொல்கிறேன். இன்று உலகத்திலேயே வலுவான ஸ்பீட்வே லீக் அதுதான்.

முதலில் பைக்கைப் பற்றி. 500 சிசி எஞ்சின், ஒரே சிலிண்டர், எரிபொருள் மெத்தனால். குறைந்தபட்ச எடை 77 கிலோ. ஒரே ஒரு கியர். பிரேக் கிடையாது. நீள்வட்டமான தடத்தில் தார் இல்லை, பொடிக்கல்லும் மண்ணும் கலந்த தளம். எப்போதும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். வளைவு வரும்போது வீரர் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வெளிப்பக்கம் வழுக்கவிடுவார். முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்கும், வண்டியோ இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். இடது காலணியின் அடியில் மாட்டிய இரும்புத் தகடு தரையில் உரசிக்கொண்டே வரும். அந்த வழுக்கல்தான் வேகத்தைக் குறைக்கிறது. திசையைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது வலக்கையில் இருக்கும் ஆக்ஸிலரேட்டர்.

பிரேக் இல்லாமலா என்று யாரும் கேட்பார்கள். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் போட்டால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் வருகிறவர் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். யாரிடமும் பிரேக் இல்லாததால் அடுத்தவர் என்ன செய்வார் என்று ஓரளவு கணிக்க முடிகிறது. வீரரின் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அவர் கீழே விழுந்தால் அது இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும்.

இந்த விளையாட்டின் தொடக்கத்தை வழக்கமாக ஆஸ்திரேலியாவிலிருந்து சொல்வார்கள். 1923 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மெய்ட்லாண்டில் ஜானி ஹோஸ்கின்ஸ் நடத்திய பந்தயம் அது. அதற்கு முன்பே வேறு இடங்களிலும் மண் தடத்தில் பைக் ஓட்டியிருக்கிறார்கள், அதனால் முதல் பந்தயம் எது என்பதில் சண்டை இன்னும் தீரவில்லை. 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனை ஒட்டிய ஹை பீச்சில் நடந்த பந்தயத்துக்குக் கூட்டம் அள்ளியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் அணிகளுக்கான லீக் வந்துவிட்டது. போலந்தில் லீக் தொடங்கியது 1948 இல். அதன் உச்சப் பிரிவு 2000 முதல் எக்ஸ்ட்ராலிகா என்ற பெயரில் நடக்கிறது.

அந்த லீக்கின் ஊர்ப்பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். டோருன், லெஷ்னோ, கோஷூஃப், ஜெலோனா கூரா, லுப்லின், வ்ரோட்ஸ்வாஃப், செஸ்டகோவா, குருஜோன்ஸ். வ்ரோட்ஸ்வாஃபையும் லுப்லினையும் விட்டால் பெரிய நகரம் என்று சொல்ல அதிகம் இல்லை. தலைநகர் வார்சாவுக்கு அந்த உச்சப் பிரிவில் அணியே கிடையாது. லெஷ்னோவின் மக்கள்தொகை சுமார் 60,000 தான், ஆனால் போலந்திலேயே அதிக முறை, 18 தடவை, சாம்பியன் ஆன அணி அந்த ஊருடையது. கால்பந்தில் பெரிய பெயர் இல்லாத ஊர்களுக்கு ஸ்பீட்வேதான் பெருமை. ஞாயிற்றுக்கிழமை ஊரே மைதானத்துக்குக் கிளம்பும். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

ஒரு போட்டியின் கணக்கு

சரி, போட்டிக்கு வருவோம். இரண்டு அணிகள் மோதும் ஒரு போட்டியில் 15 பந்தயங்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஹீட் என்று பெயர். ஒவ்வொரு ஹீட்டிலும் இந்த அணியில் இருவர், அந்த அணியில் இருவர். உள்ளூர் அணி வீரர்கள் சிவப்பு, நீல நிற ஹெல்மெட் அட்டையும் வெளியூர் அணியினர் வெள்ளை, மஞ்சள் அட்டையும் போட்டிருப்பார்கள். நால்வரும் ஒரே கோட்டில் நிற்க, எதிரே நாடாக்கள் கட்டிய ஸ்டார்ட் கேட். நடுவர் பொத்தானை அழுத்தியதும் நாடா மேலே தெறிக்கும், கிளட்சை விடுவார்கள். நாடாவைத் தொட்டவர் அந்த ஹீட்டை இழப்பார், அவருக்குப் பதில் மாற்று வீரர் வரலாம். பந்தயம் நடுவில் யாராவது விழுந்து ஹீட் நிறுத்தப்பட்டால், காரணமானவரை நீக்கிவிட்டு மற்றவர்களை வைத்து மறுபடியும் ஓட்டுவார்கள்.

முதலில் வருபவருக்கு 3 புள்ளி, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. ஹீட்டுக்கு 6, பதினைந்து ஹீட்டுக்கு 90. விழுந்தது, நீக்கம் என்று எதுவும் இல்லாவிட்டால் 46 எடுத்த அணி ஜெயிக்கும், 45 க்கு 45 என்றால் சமன்.

இந்தச் சின்னக் கணக்கை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள், முழு விளையாட்டும் இதில்தான் இருக்கிறது. உங்கள் அணியின் நட்சத்திர வீரர் அட்டகாசமாக ஜெயிக்கிறார். அவருடன் ஓடிய கூட்டாளி கடைசி. உங்களுக்கு 3, எதிரணிக்கு 2+1, அதாவது 3. மைதானம் முழுக்கக் கைதட்டியும் ஸ்கோரில் ஒரு புள்ளிகூட முன்னேறவில்லை! அதே ஹீட்டில் கூட்டாளி மூன்றாவதாக வந்திருந்தால் 4 க்கு 2. இரண்டாவதாக வந்திருந்தால் 5 க்கு 1. ஒரே ஹீட்டில் இரண்டு அணிகளுக்கும் நடுவே நான்கு புள்ளி இடைவெளி விழுந்துவிடும். போலந்து ரசிகர்கள் இந்த 5 க்கு 1 வரும்போது எழுந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். முதலில் வருகிறவர் யார் என்பது பெரும்பாலும் முதல் வளைவிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் மூன்றே கால் சுற்றுக்கும் மேல் மீதி இருக்கிறது, அந்த நேரம் முழுக்க யாரோ ஒருவர் அந்த ஒற்றைப் புள்ளிக்காக வெளிப்பக்கத் தடுப்பை உரசுகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஓர் அணியில் வழக்கமாக ஐந்து சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு மாற்று வீரர். முதல் 13 ஹீட்டில் யார் எப்போது ஓட வேண்டும் என்று அட்டவணை முன்பே போட்டிருக்கும். சீனியருக்குத் தலா நான்கு ஓட்டம், ஜூனியருக்குத் தலா மூன்று. கடைசி இரண்டு ஹீட்டுக்கு, அதாவது 14 க்கும் 15 க்கும், யாரை இறக்குவது என்பதை அன்றைய ஃபார்மைப் பார்த்து மேனேஜர் முடிவு செய்வார். நட்சத்திர வீரர் ஐந்து தடவை ஓடி ஐந்திலும் ஜெயித்தாலும் அவர் கொண்டுவருவது 15 புள்ளி. வெற்றிக்கு வேண்டியது 46. மீதி 31 ஐ மற்றவர்கள்தான் கொண்டுவர வேண்டும். ஓர் அணி ஆறு புள்ளி அல்லது அதற்கு மேல் பின்தங்கினால், சோர்ந்த வீரருக்குப் பதில் நன்றாக ஓடுகிறவரைக் கூடுதலாக ஓரிரு தடவை இறக்க மேனேஜருக்கு அனுமதி உண்டு. எந்த ஹீட்டில் அதைப் பயன்படுத்துவது என்று மேனேஜர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சீக்கிரம் இறக்கினால் பிறகு கையில் ஆள் இருக்காது, தாமதித்தால் ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும்.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்பீட்வே வீரர்களுக்கு ஒப்பந்தக் கையெழுத்துக்கு ஒரு தொகை, பிறகு எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு என்று சம்பளம். அப்படியானால் முன்னால் போகும் சொந்த அணிக்காரரை முந்தினால் கூடுதல் காசு வருமே? முந்தப் போய் இருவரும் மோதி விழுந்தால் அணிக்கு நஷ்டம். இதற்காகத்தான் போனஸ் புள்ளி என்று ஒன்று வைத்தார்கள். சொந்தக் கூட்டாளிக்கு அடுத்தபடியாக, எதிரணிக்காரர் ஒருவரையாவது பின்னால் விட்டு முடித்தால் வீரர் கணக்கில் ஒரு போனஸ் சேரும். அணி ஸ்கோரில் அது சேராது, அவருடைய சராசரியிலும் சம்பளத்திலும் சேரும். கூட்டாளிக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தால் 2+1, ஜெயித்ததற்குச் சமம். அதனால் நல்ல ஜோடிகள் ஒருவரை ஒருவர் விரட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, பின்னால் வருகிறவருக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் வழி இல்லாமல் அடைப்பார்கள். தானே பறந்துவிடக்கூடிய ஒருவர் வேகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, திரும்பிப் பார்த்து, கூட்டாளிக்கு இடம் விட்டு ஓட்டுவதைப் பார்க்கும்போது ஸ்பீட்வே எப்படி ஒரு குழு விளையாட்டு என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது ஹீட்

புதிதாகப் பார்ப்பவர்கள் கழிவறைக்குப் போகவோ தீனி வாங்கவோ இரண்டாவது ஹீட்டைத் தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் அதில் ஓடுவது நான்கும் பையன்கள். தயவுசெய்து அதைத் தவறவிடாதீர்கள். அது ஜூனியர் ஹீட். 21 வயதுக்கு மேற்படாத உள்நாட்டு வீரர்கள் இருவரை வைத்திருக்க வேண்டும் என்பது எக்ஸ்ட்ராலிகா வளர்ந்த விதத்திலேயே ஊறிப்போன விதி. இரண்டாவது ஹீட்டில் இந்த அணியின் இரண்டு ஜூனியரும் அந்த அணியின் இரண்டு ஜூனியரும் மோதுவார்கள். அதற்குப் பிறகு அதே பையன்கள் சீனியர்களோடு ஜோடி சேர்ந்து, எதிரணி சீனியர்களை எதிர்த்து ஓட வேண்டும். பல சமயம் எதிரே நிற்பவர் உலகப் போட்டியில் பதக்கம் வாங்கியவராக இருப்பார். அவரிடம் தோற்பதில் வெட்கமில்லை. அவருடைய கூட்டாளியை முந்தி ஒரு புள்ளி எடுத்துவிட்டால் அந்தப் பையன் அன்றைய நாயகன்.

சீனியர்களைப் பணம் கொடுத்து வாங்கலாம். எல்லா அணிகளும் வாங்குகின்றன, எல்லா அணியிலும் நல்ல சீனியர்கள் இருக்கிறார்கள். நல்ல ஜூனியர்கள் குறைவு. லுப்லின் அணி 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று முறை சாம்பியன் ஆனது. அந்த மூன்று ஆண்டிலும் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக சாம்பியன் அந்த அணியின் ஜூனியர்தான். முதல் இரண்டு ஆண்டு மாதெயுஷ் செர்னியாக், மூன்றாவது ஆண்டு விக்டர் ப்ஷியெம்ஸ்கி. மற்ற அணிகள் ஜூனியர் ஓட்டங்களில் ஒன்றும் இரண்டுமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது லுப்லின் சீனியர் கணக்குக்கு ஈடாகப் புள்ளி எடுத்தது. 2021 முதல் ஐந்து சீனியரில் ஒருவர் 24 வயதுக்கு மேற்படாதவராக இருக்க வேண்டும் என்று இன்னொரு விதியும் வந்தது. ஜூனியர் வயதைத் தாண்டியதும் இடம் கிடைக்காமல் காணாமல் போகும் இளைஞர்களைக் காப்பாற்றத்தான் அது. செர்னியாக் ஜூனியர் வயது முடிந்ததும் அதே அணியில் அந்த இடத்துக்கு நகர்ந்தார்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை

எட்டு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் உள்ளூரில் ஒரு தடவை, வெளியூரில் ஒரு தடவை மோதும். மொத்தம் 14 போட்டி. பெரும்பாலும் வெள்ளியும் ஞாயிறும் நடக்கும். ஜெயித்தால் பட்டியலில் 2 புள்ளி, சமன் என்றால் 1. இதோடு நின்றால் வேறு லீக் மாதிரிதான். ஆனால் இரண்டு போட்டிகளின் ஸ்கோரையும் கூட்டிப் பார்த்து, மொத்தத்தில் முன்னிற்கும் அணிக்கு இன்னொரு புள்ளி தருகிறார்கள்.

இந்தப் புள்ளிதான் சீசனைக் கடைசி ஹீட் வரை உயிரோடு வைத்திருக்கிறது. ஓர் அணி உள்ளூரில் 50 க்கு 40 என்று ஜெயித்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வெளியூரில் 14 ஹீட் முடிந்த நிலையில் 37 க்கு 47 என்று பின்தங்கியிருக்கிறது. கடைசி ஹீட்டில் எதை எடுத்தாலும் போட்டி போனது போனதுதான். ஆனால் மொத்தக் கணக்கில் இரண்டு அணியும் 87 க்கு 87. கடைசி ஹீட்டில் 4 க்கு 2 எடுத்தால் கூடுதல் புள்ளி கைக்கு வந்துவிடும். அதனால் தோற்றுப்போன போட்டியின் கடைசி ஒரு நிமிடத்துக்கு இரண்டு மேனேஜர்களும் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆகஸ்டில் பட்டியலைப் பார்த்தால் நாலாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் வித்தியாசம் ஒரு புள்ளியாக இருக்கும். அது மே மாதத்தில் எங்கோ ஒரு வெளியூர் மைதானத்தில், ஏற்கெனவே தோற்றுவிட்ட போட்டியில், மூன்றாவதாக வர வேண்டியவர் நான்காவதாக வந்ததால் போன புள்ளியாக இருக்கலாம்.

உள்ளூர் மைதானம் இங்கே பெரிய பலம். கிரிக்கெட்டில் பிட்ச் தயாரிப்பவர் மாதிரி, ஸ்பீட்வேயில் தடத்தைத் தயார் செய்கிறவர் ஒவ்வொரு கிளப்பிலும் முக்கியமான ஆள். எவ்வளவு தண்ணீர் விடுவது, மேல்மண்ணை இறுக்கமாக விடுவதா தளர்வாக விடுவதா, வளைவின் எந்தப் பகுதியில் மண்ணைக் கூட்டுவது என்று அவர் கையில் நிறைய இருக்கிறது. ஹீட் ஆக ஆகப் பின்சக்கரங்கள் மண்ணை வெளிப்பக்கம் வாரித் தள்ளும். ஆரம்பத்தில் உள்பக்கம் ஒட்டி ஓடியவர் ஜெயிப்பார். பிறகு வெளிப்பக்கம் குவிந்த மண்ணில் சக்கரத்தை ஊன்றி ஓடுகிறவருக்கு வேகம் கிடைக்கும். சில ஹீட்டுக்கு ஒருமுறை டிராக்டர் வந்து சமப்படுத்தித் தண்ணீர் தெளிக்கும், கணக்கு மறுபடி மாறும். அதற்கேற்ப மெக்கானிக்குகள் பின்சக்கரப் பல்சக்கரத்தை மாற்றுவார்கள். ஓடும்போது மாற்றக் கியர் இல்லாததால் இரண்டு ஹீட்டுக்கு நடுவில் இப்படித்தான் சரிசெய்துகொள்ள முடியும். வெளியூர் வீரர் தடத்தைப் புரிந்துகொள்வதற்குள் இரண்டு ஹீட் போயிருக்கும், அவருக்கு இருப்பதே நான்கோ ஐந்தோதான். உள்ளூர் அணி தடத்தை அளவுக்கு மீறித் தனக்குச் சாதகமாக்காமல் பார்த்துக்கொள்ள லீக் தன் சார்பில் ஓர் அதிகாரியை அனுப்புகிறது. மழை வந்தால் மூடுவதற்குப் பெரிய தார்ப்பாய்களும் வைத்திருக்கிறார்கள்.

வீரர்களின் வாரத்தைச் சொன்னால் நம்ப முடியாது. முன்னணி வீரர் ஒருவர் ஒரே நாட்டு லீக்கில் மட்டும் ஓடுவது அபூர்வம். ஸ்வீடன் லீக் செவ்வாய்க்கிழமை, டென்மார்க் லீக் புதன்கிழமை, இங்கிலாந்தில் திங்களும் வியாழனும், உலக சாம்பியன் போட்டி சனிக்கிழமை, போலந்தில் வெள்ளியும் ஞாயிறும் என்று நாள்கள் ஏறக்குறைய பங்கிடப்பட்டிருக்கின்றன. பைக்கும் எஞ்சினும் வீரரின் சொந்தம், மெக்கானிக்கின் சம்பளமும் அவர் பொறுப்பு. வேனில் பைக்கை ஏற்றிக்கொண்டு மெக்கானிக்குகள் இரவெல்லாம் ஓட்ட, வீரர் விமானம் பிடித்துப் போய்ச் சேர்வார். ஜூலை மாதத்தில் ஒருவரின் ஃபார்ம் திடீரென்று சரிந்தால் எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன் அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று பார்ப்பது நல்லது.

விழுந்தால்

சீசனைப் பற்றிச் சொல்லும்போது காயங்களைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யான படம். 2012 மே 13 அன்று வ்ரோட்ஸ்வாஃபில் நடந்த லீக் போட்டியில் தடுப்பில் மோதிய இங்கிலாந்து வீரர் லீ ரிச்சர்ட்சன் இறந்துபோனார். 2015 ஆகஸ்டில் ஜெலோனா கூராவில் விழுந்த ஆஸ்திரேலியாவின் டார்சி வார்டுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. அந்தத் தலைமுறையின் மிகத் திறமையான ஓட்டக்காரர்களில் ஒருவர் அதன்பிறகு ஓட முடியவில்லை. வளைவுகளில் காற்றடைத்த மெத்தைத் தடுப்புகள் வைத்திருப்பதும், ஹீட் முடியும்வரை ஆம்புலன்ஸ் எஞ்சினை ஓட்டிக்கொண்டே நிற்பதும் காரணமில்லாமல் இல்லை.

ஒருவர் காயப்பட்டால் அவருடைய ஓட்டங்களை மற்ற சீனியர்கள் பங்கிட்டு ஓட விதியில் இடம் உண்டு. ஒருவருக்கு மட்டும். இரண்டாமவரும் விழுந்துவிட்டால் அணி திண்டாடும். இதன் உச்சகட்டம் 2013 இறுதிப் போட்டி. டோருனும் ஜெலோனா கூராவும் மோதின. டோருனின் கிறிஸ் ஹோல்டர் சீசன் நடுவிலேயே காயத்தால் போய்விட்டார். இறுதி என்பது உள்ளூர், வெளியூர் என்று இரண்டு போட்டி. இரண்டாவதற்கு முந்தைய நாள் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் போட்டியில் அதே அணியின் தோமாஷ் கோலோப் விழுந்து காயம்பட்டார். செப்டம்பர் 22 அன்று ஜெலோனா கூரா மைதானம் நிறைந்திருந்தது, டோருன் அணி களமிறங்க மறுத்துவிட்டது. பந்தயமே இல்லாமல் ஜெலோனா கூரா சாம்பியன். அடுத்த சீசனை டோருன் எட்டுப் புள்ளிகள் கழிவோடு தொடங்க வேண்டியிருந்தது. டிக்கெட் வாங்கி வந்த ஆயிரக்கணக்கானோர் ஒரு ஹீட்டைக்கூடப் பார்க்காமல் திரும்பிய அந்த நாளை என்னால் எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை. பலவீனமான அணியோடாவது ஓடித் தோற்றிருக்க வேண்டும்.

மேலே போவதும் கீழே இறங்குவதும்

14 போட்டி முடிந்ததும் மேலே இருக்கும் அணிகள் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே ஆஃபுக்குப் போகும். அதில் எத்தனை அணிகள், எந்த வரிசை என்பதை லீக் அடிக்கடி மாற்றியிருக்கிறது. மாறாதது ஒன்று: உள்ளூர், வெளியூர் என்று இரண்டு போட்டி, இரண்டின் ஸ்கோரையும் கூட்டி வெற்றி. மொத்தம் 180 புள்ளி, 91 எடுத்தவர் போதும். முதல் போட்டியில் பத்துப் புள்ளி முன்னிலை என்பது பாதுகாப்பாகத் தெரியும், இரண்டு தடவை 5 க்கு 1 வாங்கினால் அதில் எட்டு போய்விடும்.

கீழே கடைசியில் முடிக்கும் அணி இரண்டாம் லீக்குக்கு இறங்கும். யாருக்கும் விலக்கு இல்லை. லெஷ்னோ 2017 முதல் 2020 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு சாம்பியன். அதே லெஷ்னோ 2024 இல் கடைசி இடம். அந்த ஆண்டு அணியின் தூணான யானுஷ் கோவோஜெய் காயங்களால் அவதிப்பட்டார், மற்றவர்களால் ஈடுகட்ட முடியவில்லை. 2025 இல் இரண்டாம் லீக்கை ஜெயித்து மேலே திரும்பிவிட்டார்கள், ஊர் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக்கைப் பற்றிச் சொன்னால் முழுக் கணக்கும் விளங்கும். 2019, 2020, 2022, 2023, 2024, 2025 என்று ஆறு தடவை தனிநபர் உலக சாம்பியன். ஐவன் மாஜர், டோனி ரிக்கார்ட்சன் இருவருடைய சாதனைக்குச் சமம். சொந்த ஊர்ப்பக்கத்து அணியான கோஷூஃபுக்கு அவர் ஓடியபோது 2014 இலும் 2016 இலும் லீக் பட்டம் கிடைத்தது. அப்போது அவர் இன்னும் உலக சாம்பியன் ஆகவில்லை. உலகத்தின் முதல்வர் ஆனபிறகு கோஷூஃப் 2020 இறுதியில் லெஷ்னோவிடமும் 2022 இறுதியில் லுப்லினிடமும் தோற்றது. பிறகு அவர் லுப்லினுக்குப் போனார், 2023, 2024 இல் பட்டம். 2025 இல் அதே லுப்லின், அதே ஸ்மார்ஸ்லிக், இறுதியில் டோருனிடம் தோல்வி. டோருனில் ஸ்மார்ஸ்லிக்குக்கு நிகரான ஒருவர் இல்லை. டுடெக், சைஃபுத்தினோவ், லாம்பர்ட், மிக்கெல்சன் என்று நான்கு பேர் ஒரே சீராகப் புள்ளி சேர்க்கும் அணி அது. 2008 க்குப் பிறகு டோருனுக்குக் கிடைத்த முதல் பட்டம்.

பணம் உள்ள அணியே எப்போதும் ஜெயித்துவிடாதா என்ற கேள்விக்கு இங்கிலாந்து வேறு விதமாகப் பதில் தேடியது. அங்கே அணிக்கு ஏழு பேர். ஒவ்வொரு வீரருக்கும் முந்தைய போட்டிகளை வைத்து ஒரு சராசரி இருக்கும். அணியினரின் சராசரிகளைக் கூட்டினால் லீக் நிர்ணயித்த வரம்பைத் தாண்டக் கூடாது. நட்சத்திரங்களாக வாங்கிக் குவிக்க முடியாது, யாருடைய சராசரி அவருடைய உண்மைத் திறமையைவிடக் குறைவாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் மேனேஜரின் வேலை. 2021 இல் பீட்டர்பரோ அணி ஸ்காட் நிக்கல்ஸ், கிறிஸ் ஹாரிஸ், ஹான்ஸ் ஆண்டர்சன் போன்ற மூத்தவர்களை வைத்து அணி கட்டியது. வயதானவர்கள் கூட்டம் என்று பேசினார்கள். அவர்கள்தான் அந்த ஆண்டு சாம்பியன். போலந்து முறையில் கிடைக்கும் தரம் இங்கிலாந்தில் இல்லை என்பது உண்மை, ஆனால் ஏப்ரலில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாத சுகம் அங்கே அதிகம்.

போலந்தில் அணி கட்டும் மாதம் நவம்பர். வீரர்களை மாற்றிக்கொள்ளும் காலம் அப்போதுதான் திறக்கும், பேச்சுவார்த்தை கோடையிலேயே தொடங்கிவிடும். அதனால் ஆகஸ்டில் ஒரு வீரர் அடுத்த ஆண்டு தான் சேரப்போகும் அணியை எதிர்த்தே ஓட வேண்டிய நிலைமை வரும். ரசிகர்கள் அவருடைய ஒவ்வொரு ஸ்டார்ட்டையும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

முதல் போட்டியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு ஹீட்டையும் கையால்தான் நிரப்புகிறார்கள். 15 வரிசை போடுங்கள், ஒவ்வொன்றிலும் நால்வர் பெயர், பக்கத்தில் புள்ளி, அதற்குப் பக்கத்தில் மொத்த ஸ்கோர். இரண்டாவது ஹீட்டில் எந்த ஜூனியர் ஜெயித்தார் என்று குறித்து வையுங்கள். எந்த அணி முதலில் ஆறு புள்ளி பின்தங்குகிறது, அந்த மேனேஜர் யாரை எங்கே இறக்குகிறார் என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் முதல் வளைவு வரை எல்லோரையும் பாருங்கள், பிறகு முன்னால் போகிறவரை விட்டுவிடுங்கள், அவர் பெரும்பாலும் அங்கேயேதான் இருப்பார். கண்ணை மூன்றாவது பைக்குக்கும் நான்காவது பைக்குக்கும் கொடுங்கள். 13 ஹீட் முடிந்ததும் உங்கள் பேப்பரைப் பார்த்து, கடைசி இரண்டு ஹீட்டுக்கு நீங்கள் மேனேஜராக இருந்தால் யாரை அனுப்புவீர்கள் என்று நாலு பெயர் எழுதுங்கள். அப்புறம் அவர்கள் யாரை அனுப்புகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.